மயிலையின் கழுத்தும் மூன்று குற்றவாளிகளும்

எங்கள் வீட்டு நாய் குடித்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் பால்காரர். காலை ஆறு மணிக்கு வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, "ஏனுங்க அக்கா, உங்க நாய்க்கு யாராச்சும் ஊத்திக் குடுத்துப்போட்டாங்களாட்டம் இருக்குதுங்களே?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். மயிலை போர்ட்டிகோவிலிருந்து பால் பாத்திரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தான். முன்கால் இரண்டும் ஒழுங்காகத்தான் வந்தன. பின்கால்கள் மட்டும் இடது பக்கம் போய், கொஞ்சம் யோசித்து, வலது பக்கம் வந்தன. "எங்கூட்டுல குடிக்கிறவங்க யாருமில்லீங்க. நேத்து சரியாத் தூங்கியிருக்க மாட்டான்" என்று சொல்லி ஒரு லிட்டர் பாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மயிலை பத்து மாதக் கிரேட் டேன். நின்றால் சாப்பாட்டு மேசை உயரம் இருப்பான். என் மகள் நிவேதா இங்கே சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து, முதல் போனஸில் அவனை வாங்கி வந்து 'லியோ' என்று பெயர் வைத்தாள். மூன்றே மாதத்தில் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். நாய் எங்கள் தலையில். என் வீட்டுக்காரர் பழனிச்சாமிக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம்; இங்கே தேங்காய் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். மகள் பஸ் ஏறிய மறுநாளே நாயின் சாம்பல் நிறத்தைத் தடவிப் பார்த்து, "இது அசல் மயிலைக்காளையேதான்!" என்றார். காங்கேயம் மாடுகளில் அந்த நிறத்துக்கு மயிலை என்றுதான் பேர். லியோ அன்றோடு போய்விட்டான். பெயரை மட்டும் மாற்றியிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. மனிதர் நாயைக் கன்றுக்குட்டியாகவே வளர்க்க ஆரம்பித்துவிட்டார்.

பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் மாட்டுக் கழுத்துக்குப் போடும் தோல் பட்டை ஒன்று வாங்கி வந்தார். மூன்று பித்தளை மணிகள் வைத்துத் தைத்தது. மயிலை தெருவில் நடந்தால் ரேக்ளா மாட்டு வண்டி வருகிறதென்று பிள்ளைகள் ஓடி வந்து பார்க்கும். காலையில் ராகிக் கஞ்சி, மாலையில் பருத்திக்கொட்டைப் பால். பேச்செல்லாம் ஒரே மரியாதை. "வாங்க ராசா, சித்த நில்லுங்க ராசா" என்பார். எனக்கு இருபத்தெட்டு வருஷமாக "ஏ அம்மிணி"தான்.

பால்காரர் சொன்ன அந்த வாரத்தில் மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. நடக்கும்போது பின்கால் நகங்கள் தரையில் தேய்ந்து கிறீச்சென்று சத்தம். கழுத்தை முதுகுக்கு மேல் தூக்க மாட்டேன் என்றான். ஒருநாள் தட்டில் இருந்த சோற்றுக்குக் குனிந்தவன் 'வீல்' என்று கத்திவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டான். சாப்பாட்டை விட்டு மயிலை விலகிப் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சுளுக்குத்தான். எங்கூருல ஒருத்தரு இருக்காரு. எண்ணெயப் போட்டு நீவி, ஒரே திருப்பு. மாடே எந்திரிச்சு ஓடும்" என்றார் என் வீட்டுக்காரர். போனைக்கூட எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா உள்ளே வந்தார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் குரலுக்கு எங்கள் சந்தே அடங்கும். "கழுத்துல யாராச்சும் கைய வெச்சீங்க, நான் பேச மாட்டேன். பின்னங்கால் பின்னுது, கழுத்து நோவுது. இது சுளுக்கில்ல தம்பி. கெளம்புங்க" என்றார். அந்தப் போன் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை.

நாற்பத்தெட்டுக் கிலோ நாயை ஆட்டோவில் ஏற்ற முடியாது. எண்ணெய் டின் ஏற்றும் எங்கள் குட்டியானை வண்டியில் மெத்தை போட்டு, இரண்டு பக்கமும் நானும் ஸ்டெல்லா அக்காவும் உட்கார்ந்து பிடித்துக்கொண்டோம். சிக்னலில் நின்றபோது பக்கத்து பைக்கில் இருந்தவர், "கன்னுக்குட்டிக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முகம் அந்த நிலைமையிலும் கொஞ்சம் மலர்ந்தது.

நாய் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் ஒன்று கற்றுக்கொண்டேன். நம் ஊர் மரியாதை எந்த வரிசையையும் நகர விடாது. டோக்கன் எண் கூப்பிட்டதும் பொமரேனியன் வைத்திருந்த அம்மா எழுந்து எங்களைப் பார்த்து, "பாவம், உங்களுதுக்கு ரொம்ப முடியலியாட்ட இருக்குதுங்க. நீங்க மொதல்ல போங்க" என்றார். "இல்லீங்க, நீங்க போங்க. நீங்கதான முன்னால வந்தீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "அட, போங்கங்க." "பரவால்லீங்க, போங்கங்க." இந்த நேரத்தில் கிளிக்கூண்டோடு வந்த ஒருவர் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். காத்திருந்த நேரத்தில் ஆளாளுக்கு மயிலைக்கு பிஸ்கட் நீட்டினார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். சின்ன உருவம், சிரிக்காத முகம். முதலில் மயிலையின் கழுத்துப் பட்டையைக் கழற்றி எடை மெஷினில் வைத்தார். ஒன்றேகால் கிலோ. அதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். பிறகு மயிலையை நிற்கவைத்து, அவன் பின்காலைத் தூக்கி, பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். "நல்லா இருக்குற நாய் ஒடனே பாதத்தைத் திருப்பி வெச்சுக்கும். பாருங்க" என்றார். பார்த்தோம். பாதம் மடங்கியபடியே இருந்தது. மயிலை எங்களைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். தன் கால் எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் எலும்பு மட்டும்தான் தெரியுமாம். உள்ளே போகிற தண்டுவடம் தெரிய வேண்டுமென்றால், அதைச் சுற்றி ஒரு சாயத்தை ஊசியால் ஏற்றி மறுபடியும் படம் பிடிக்க வேண்டும். எங்கே நெருக்கடியோ அங்கே சாயம் ஒல்லியாகப் போகும். இரண்டு மணி நேரம் நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். ஸ்டெல்லா அக்கா ஜெபமாலையை உருட்டினார். என் வீட்டுக்காரர் அந்த மணிப் பட்டையை மடியில் வைத்து, சத்தம் வராதபடி மூன்று மணிகளையும் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டரம்மா விளக்கினார். கழுத்தில் ஏழு எலும்பு. ஒவ்வொன்றிலும் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் தண்டுவடம் போகிறது. மயிலைக்கு ஐந்தாவது, ஆறாவது எலும்பு அளவுக்கு மீறித் தடித்து, ஓட்டை சிறுத்து, தண்டுவடத்தை அழுத்துகிறது.

"நோவு கழுத்துலன்னா பின்னங்கால் ஏனுங்க தள்ளாடுது?" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "தோட்டத்துல சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பீங்கல்ல? மேல யாராச்சும் கால வெச்சு மிதிச்சா எந்த மரத்துக்கு மொதல்ல தண்ணி நிக்கும்?"

"கடக்கோடித் தென்னைக்குங்க."

"அதேதானுங்க."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரமாக எனக்குப் புரியாதது அவருக்கு ஒரே பதிலில் புரிந்துவிட்டது.

"இந்த ஜாதி நாய்ங்களுக்குப் பரம்பரையாவும் இது வரும்" என்று டாக்டரம்மா நோட்டைத் திறந்தார். "ஆனா எலும்பு இப்புடி வளரணும்னா தீனியும் சேரணும். இவனுக்கு யாரு யாரு என்னென்ன குடுக்குறீங்க? மறைக்காம சொல்லோணும்."

ஸ்டெல்லா அக்கா முதலில் வாயைத் திறந்தார். "டெய்லி சாயங்காலம் ஆட்டுக்கால் சூப்பு. கொஞ்சூண்டுதான் டாக்டர். ஒரு சொம்பு." பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியார் முன் முழங்கால் போட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். இந்தச் சூப்பு விஷயம் எனக்கே அன்றுதான் தெரியும். மதில் சுவருக்கு மேலே நடந்திருக்கிறது.

அடுத்து என் வீட்டுக்காரர். ராகிக் கஞ்சியைச் சொன்னார், பருத்திக்கொட்டைப் பாலைச் சொன்னார். அப்புறம் இழுத்தார். "கஞ்சியில... தாது உப்புங்க."

"எந்தத் தாது உப்பு?"

"மாட்டுக்குப் போடறதுங்க. தீவனக் கடையில வாங்குனது. கன்னு எலும்பு ஒரம் ஏறும்னு காலைல ஒரு கரண்டி போட்டுட்டிருந்தேனுங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. மாட்டுத் தாது உப்பில் அதிகம் இருப்பது சுண்ணாம்புச் சத்துதானாம். வளர்ந்த நாயின் உடம்பு வேண்டாததை வெளியே தள்ளும். இந்த வயதுக் குட்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, வந்ததையெல்லாம் எலும்பில் ஏற்றிக்கொள்ளும் என்றார். அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன். "அட கெரகமே! இது நாயா, மாடாங்க? உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லியா? சந்தைக்குப் போயி மணி வாங்கிட்டு வந்தப்பவே சொன்னேன்! நாளைக்கு நம்ம நிவேதாவுக்கு என்னங்க பதில் சொல்லுவீங்க?" நான் பேசப்பேச அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, "ஒரு கரண்டின்னு எழுதிப்போட்டீங்களா? ரெண்டுன்னு எழுதிக்கங்க" என்றார்.

"நீங்க என்ன குடுப்பீங்க?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"நானுங்களா? நான் ஒண்ணுமே குடுக்கறதில்லீங்க. தயிர்சோறு மட்டுந்தான்."

அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். அதற்கு ஆறு மாதத்துக்கு முன் என் முட்டி வலிக்கு ஒரு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாக்பீஸ் துண்டு அளவு இருக்கும். தொண்டையில் சிக்கிக்கொண்டு இறங்கவே இறங்காது. 'மாத்திரை போட்டாச்சா?' என்று வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பும்போது தினமும் கேட்பார். நான் அதை நெய் தடவிய இட்லித் துண்டுக்குள் செருகி மயிலைக்குக் கொடுத்துவிடுவேன். எனக்கும் தொல்லை விட்டது, நாய்க்கும் எலும்புக்கு நல்லதுதானே என்று ஒரு சமாதானம். தினமும் ஒன்று, ஆறு மாதமாக. அதைத்தான் அவ்வளவு பேர் முன்னால் வாய்க்குள் வைத்துக்கொண்டு புருஷனைத் திட்டித் தீர்த்தேன்.

டாக்டரம்மா தீர்ப்புச் சொன்னார். வீக்கம் வடிய மாத்திரை. தீனி பாதி. சுண்ணாம்புச் சத்து எதுவும் கூடாது. கழுத்தில் ஒரு நூல்கூடக் கட்டக் கூடாது; நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டைதான். தட்டு நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும், குனியவே விடக் கூடாது. ஆறு வாரம் ஓட்டமும் இல்லை, துள்ளலும் இல்லை. "ஆறு வாரம் கழிச்சு இந்த வராந்தாவுல நடக்க விடுவோம். நேரா நடந்தா சரி. இல்லீன்னா ஆபரேஷன். அதுலயும் நிச்சயம் இல்லீங்க. அதுக்கு மேல..." என்று நிறுத்தினார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். பகலில் நாங்கள் முறை போட்டுப் போனோம். மயிலையின் கூண்டு வாசலில் டாக்டரம்மா ஓர் அட்டை எழுதி மாட்டினார்: 'தயவுசெய்து எனக்கு எதுவும் தராதீர்கள்.' மறுநாளும் வந்திருந்த பொமரேனியன் அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பாவம், ஒண்ணே ஒண்ணுதானுங்க" என்று பிஸ்கட்டை எடுத்தார். நான் குறுக்கே போய் நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் நீட்டியதை வேண்டாம் என்று சொன்னேன். உடனே மனசு கேட்காமல் அந்த பிஸ்கட்டை வாங்கி நானே தின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என் வீட்டுக்காரர் பாதி ஆளாகிவிட்டார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். வழுக்குகிற டைல்ஸ் மேல் ஹால் முழுக்கத் தென்னை நார் மிதியடிகளை வாங்கி விரித்தார். கட்டிலைச் சாய்த்து வைத்து மயிலைக்கு ஒரு தொழுவம் மாதிரி அடைப்புக் கட்டினார். இரண்டு எண்ணெய் டின்னை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அதன்மேல் சாப்பாட்டுத் தட்டு. மயிலை கல்யாண பஃபேயில் நின்றுகொண்டு சாப்பிடுபவன் போல நிமிர்ந்து சாப்பிட்டான். வெளிக்குப் போக வேண்டுமென்றால் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து இவர் ஒரு முனை, ஸ்டெல்லா அக்கா ஒரு முனை. அக்கா காய்ச்சல் சார்ட் ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினார். சூப்புக்குப் பரிகாரமாக ஞாயிறு பூசையில் மெழுகுவர்த்தி ஏற்றினார். எந்தப் புனிதருக்கு என்று கேட்டேன். "நாய்க்குன்னு தனியா யாரத் தேடறது? எல்லாத்துக்கும் சேத்து ஏத்திப்போட்டேன்" என்றார்.

நிவேதா தினமும் வீடியோவில் வந்து அழுவாள். "நாந்தான் கண்ணு பண்ணிப்போட்டேன்" என்பார் இவர். அவளிடம் சொன்னார், பால்காரரிடம் சொன்னார், எண்ணெய் வாங்க வந்தவர்களிடம்கூடச் சொன்னார். சாப்பாட்டில் கை வைப்பதில்லை. "மாட்டுக்காரன் புத்தி, என்ற புத்தி" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். நான் ரசம் ஊற்றிக்கொண்டு நிற்பேன். உண்மை வாய் வரை வரும், திரும்பிப் போய்விடும். மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டேன், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மயிலை வழக்கப்படி காலையில் சமையலறை வாசலில் வந்து என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தக் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆறாவது வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே காத்திருப்பு அறை. ஸ்டெல்லா அக்கா டோக்கன் வாங்கப் போனார். மயிலை நார் மிதியடி மேல் ஓரளவுக்கு நடந்துகொண்டுதான் இருந்தான். வழுவழுப்பான அந்த வராந்தாவில் என்ன ஆகும் என்று தெரியாது. இவர் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. நாய் விழுந்துவிட்டால் இந்த மனிதர் சாகும்வரை அந்தப் பழியைத் தலையில் சுமப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அதுவும் நான் செய்ததற்கும் சேர்த்து.

"ஏனுங்க" என்றேன். "உங்க தாது உப்பு மட்டுமில்லீங்க. நானும்... என்ற கால்சியம் மாத்திரைய ஆறு மாசமா இவனுக்குத்தான் குடுத்துட்டிருந்தேன்." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன்.

அவர் திரும்பவே இல்லை. "தெரியும் அம்மிணி" என்றார்.

"எப்புடித் தெரியும்?"

"மாத்திர அட்டை மாசாமாசம் காலியாகுது. உன்ற முட்டி வலி ஒரு துளி கொறையல. இட்லி வேகறப்ப இவன் வந்து சமையக்கட்டு வாசல்ல ஒக்காந்துக்கறான். இதக் கண்டுபுடிக்கப் போலீஸா வரோணும்?"

"அப்பறம் ஏனுங்க அன்னிக்குச் சொல்லல?"

"நீ அத்தன பேரு முன்னால என்னைய அந்த வாங்கு வாங்கிட்டிருந்தே. நடுவுல எப்புடிச் சொல்றது? டாக்டரம்மா கணக்குத் தப்பாப் போயிறக் கூடாதுல்ல. அதான் உன்றதையுஞ் சேத்து ரெண்டு கரண்டின்னு எழுதிக்கச் சொன்னேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதிரே பூனையோடு இருந்தவர், "அழுவாதீங்க அம்மிணி, நல்லாயிரும். நீங்க மொதல்ல போங்க" என்றார். இந்த முறை நாங்கள் "நீங்க போங்க" என்று சொல்லவில்லை. எழுந்து போனோம்.

வராந்தாவின் அந்தக் கோடியில் டாக்டரம்மா மண்டி போட்டு உட்கார்ந்தார். இந்தக் கோடியில் இவர் நெஞ்சுப் பட்டையின் கயிற்றை விட்டார். மயிலை ஓர் அடி வைத்தான். பின்கால் இடது பக்கம் போனது. கால் தானாகவே திரும்பி வந்து அடுத்த அடியை ஊன்றியது. அடுத்தது, அதற்கடுத்தது. நகம் தேய்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கேட்கவில்லை. டாக்டரம்மா பாதத்தை மடக்கி வைத்தார். மயிலை சட்டென்று அதைத் திருப்பி வைத்துவிட்டு, 'என்ன விளையாட்டு இது' என்பதுபோல் அவரைப் பார்த்தான். டாக்டரம்மா அன்றைக்குத்தான் சிரித்தார். ஸ்டெல்லா அக்கா கைதட்டினார். என் வீட்டுக்காரர் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முழுக்கச் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. வேகமாகத் திரும்பினால் பின்பக்கம் கொஞ்சம் ஆடும். கழுத்தில் பட்டை ஆயுளுக்கும் கிடையாது. மாதம் ஒருமுறை போய்க் காட்டுகிறோம். அந்த மணிகள் கடைக் கதவில் தொங்குகின்றன. ஆள் வந்தால் சத்தம் கேட்கும். நான் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு முறை முறைத்தார்.

இன்று காலை நான் கேட்காமலே என் வீட்டுக்காரர் தட்டில் இரண்டு இட்லி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே நெய் பளபளவென்று தடவியிருந்தது. இப்படி ஒரு உபசாரம் இந்த வீட்டில் நடந்ததே இல்லை. இரண்டாவது வாயில் பல்லில் சாக்பீஸ் மாதிரி ஏதோ கடிபட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மயிலை, நான்கு காலையும் நேராக ஊன்றி, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"முழுங்குங்க ராசாத்தி" என்றார். விழுங்கினேன்.

"எங்க, வாயத் தொறந்து காட்டு."